செவ்வந்தியக்கா கூவவில்லை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரும் பேருந்தில், இறங்க வேண்டிய இடத்தில் நடத்துநரைக் கூப்பிட எனக்கு வாய் வராது. வேறு யாராவது இறங்கும் நிறுத்தம் வரை போய், அங்கிருந்து நடந்து திரும்புவேன். கல்லூரியில் வருகைப்பதிவு எடுக்கும்போது என் குரல் ஆசிரியருக்குக் கேட்காது. பக்கத்தில் இருப்பவள் எனக்காகச் சொல்வாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன் மேடம்.

விலங்கியல் படித்தவர்களில் இந்த வேலைக்கு நான் பொருத்தமானவள் என்றார்கள். காட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்வராயன் மலையில் கரடிகள் எங்கெல்லாம் வாழ்கின்றன என்று பதிவு செய்வது எங்கள் குழுவின் வேலை. குழு என்றாலும் மலையில் இருந்தது நான் மட்டும்தான்.

இங்கே ஒரு பாறைக்குன்று இருக்கிறது. அதன் இடுக்கில் ஒரு கரடி குட்டி போட்டிருந்தது. தடம் பார்த்தேன். குட்டியின் முனகலும் கேட்டேன். அந்தக் குன்றைக் கல் உடைக்கக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. கரடி குட்டி ஈனும் இடம், கொடுக்கக் கூடாது என்று நான் அதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். படம் எங்கே என்று கேட்டார்கள். மரத்தில் கட்டிய கேமராவில் ஒரு கரிய முதுகு மட்டும்தான் விழுந்திருந்தது. அதைப் பார்த்து எருமைக்கன்று என்றுகூடச் சொல்லலாம். சொன்னார்கள்.

படம் விழாததற்குக் காரணம் கூவல். கடுக்காய் பொறுக்கப் போகும் பெண்கள் புதருக்குள் நுழையுமுன் நீளமாக ஒரு கூவல் விடுவார்கள். மனிதர் வருவது தெரிந்ததும் கரடி இடுக்குக்குள் போய் அடங்கிவிடும்.

செவ்வந்தியக்கா அவர்களில் ஒருவர். மலையில் எனக்குச் சோறு போட்டவர். "இன்னா பாப்பா, நீ பேசறது உன் பல்லுக்காச்சும் கேக்குதா?" என்று கேலி செய்வார். ஆள் கூவாமல் பக்கத்தில் போனால், குட்டியைக் காக்கக் கரடி பகலிலும் வெளியே வரும். ஒருநாள் அந்தக் குன்றுக்குத் தனியாக, கூவாமல் வரச் சொன்னேன்.

"கூவாமப் போறதா? கதவு தட்டாம அடுத்தவன் வூட்டுக்குள்ள பூர்ற மாதிரி பாப்பா அது. அதுக்குக் கோவம் வராதா?"

"நான் மேல பாறையில இருப்பேன்க்கா. ஏதாச்சும்னா கைய ஆட்டுறேன். அப்ப கூவுங்க."

"எங்கூட்டுக்காரன் சொல்லிகூட இந்த வாய் மூடினது இல்ல. உனுக்காவ மூடிக்கினு வரேன். அந்தாளுகிட்ட சொல்லிடாத, அப்புறம் தெனமும் கேப்பான்."

இருவரும் சிரித்தோம். கரடி இருப்பதை அவரிடம் சொன்னேன். குட்டி இருப்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

இடுக்கைத் தாண்டித்தான் கடுக்காய் மரத்துக்குப் போக வேண்டும். அங்கே மூன்று பக்கமும் பாறை. போன வழியில்தான் திரும்ப முடியும். நான் வீடியோ கேமராவோடு மேல் பாறையில் இருந்தேன். காலை வெயில் நேராக விழுந்தது, படத்துக்கு நல்ல வெளிச்சம். அக்கா மரத்தடியில் குனிந்து பொறுக்கத் தொடங்கியதும், கரடி அவருக்குப் பின்னால் வெளியே வந்தது.

அவர் திரும்பினார். பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டார். பிறகு மேலே என்னைப் பார்த்தார். கூவட்டுமா என்று கண்ணால் கேட்டார். கரடியும் தயங்கி நின்றது. ஒரு கூவல் போதும், உள்ளே போயிருக்கும். ஆனால் குட்டி இன்னும் வெளியே வரவில்லை.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சொன்ன சொல் தவறாதவர்.

நானும் அகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன் மேடம். கையை ஆட்டினால் படம் போய்விடும். படம் போனால் குன்று போய்விடும். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. குட்டி வந்தது. தாயின் விலாவைப் பற்றி முதுகில் ஏறியது. தாய் எழுந்து நின்றபோது நெஞ்சின் வெள்ளை வளைவுகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. அதன் பிறகு கையை ஆட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மற்றது படத்தில் இருக்கிறது. என் கை நடுங்கவில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அக்கா அலறியது கேட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். அதற்குள் கரடி இடுக்குக்குள் போயிருந்தது. அக்காவைச் சேலையில் ஏந்தித் தூக்கிப் போனார்கள். அவர் தங்கை ஆண்டாள் மட்டும் போகவில்லை. சருகை வாரி இடுக்கின் வாயில் குவித்தாள். "உள்ளயே கெடந்து வேவட்டும்" என்று தீப்பெட்டியை எடுத்தாள்.

நான் கத்தினேன். குட்டி இருக்கு, குட்டி இருக்கு என்று கத்தினேன். எதிர்க்குன்றில் ஆடு மேய்த்தவருக்கும் கேட்டதாம். ஆண்டாள் தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். தலைக்கு மேலேயே கேட்ட அந்தச் சத்தத்தில் மிரண்டு கரடி குட்டியோடு வெளியே பாய்ந்து, யாரையும் தொடாமல் காட்டுக்குள் ஓடிப்போனது.

ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன ஜீப் மலையை விட்டு இறங்கும் முன்பே அக்காவின் உயிர் போய்விட்டது. அன்று மாலை நான் படத்தை அனுப்பினேன்.

அவர் பாறையோடு ஒட்டி நின்றபோது நானாவது ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை என்றுதானே இந்த விசாரணையில் மறுபடியும் கேட்கிறீர்கள். அதைத்தான் முதலிலேயே சொன்னேன் மேடம். எனக்குச் சத்தம் போட வராது.