முப்பது சுற்று வரைக்கும்

மாப்பிள்ளை: நிறுத்துங்க மாமா, நிறுத்துங்க. நேத்து ரேஸ்ல அந்தத் திருப்பத்தை இன்னொரு தடவை பாப்போம்.

மாமா: நாலாவது தடவைடா.

மாப்பிள்ளை: நம்ம பல்லன் காரோட எப்படி உள்ளே புகுந்து முந்தினான்னு எனக்குச் சரியாப் புரியல.

மாமா: புகுந்தான், முந்தினான், பல்லைக் காட்டினான். இதுல புரிய என்ன இருக்கு?

மாப்பிள்ளை: ஹெல்மெட்டுக்குள்ள பல்லு உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கும்...

மாமா: அவன் பல்லு ஹெல்மெட்டையும் தாண்டி வரும்.

மாப்பிள்ளை: நீங்க டெய்லர், ஒரு பார்வையில அளவு எடுத்துடுவீங்க. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். மேலே, கீழே மட்டும்தான் தெரியும். இடது, வலது மெதுவாத்தான் மண்டையில ஏறும்.

மாமா: சரி, போடு... எனக்கென்ன அவசரம்.

அக்கா: ரெண்டு மணிக்கு டிவி முன்னாடி உக்காந்தீங்க. இப்ப அஞ்சு. எத்தனாவது சுத்து?

மாமா: பதினேழு.

அக்கா: ஓட்டினவனே இவ்வளவு நேரம் ஓட்டியிருக்க மாட்டான்.

மாமா: ஏய், ரிசல்ட் கிசல்ட் சொல்லிடாத.

அக்கா: நான் எங்க சொன்னேன்? எனக்கு அந்த வண்டியில எது முன்பக்கம்னே தெரியாது.

மாப்பிள்ளை: அக்கா, மூணு வருஷமாக் காப்பாத்துற சத்தியம். ஞாயித்துக்கிழமை ரேஸ் நடக்கிறப்ப மாமாவுக்குக் கடை, எனக்கு ஆபீஸ் லிஃப்டுங்க சர்வீஸ். திங்கக்கிழமை இங்க சேர்ந்து பாக்குற வரைக்கும் போன்ல ரேஸ் பக்கம் போகக் கூடாது. எவனாவது சொல்ல வந்தா காதைப் பொத்திக்கணும்.

மாமா: போன மாசம் ஒரு கஸ்டமர் வாயைத் திறந்தாரு. அவர் பேச்சு கேக்கக் கூடாதுன்னு நான் மிஷினை மிதிச்ச மிதியில, அவர் பேன்ட்டு ரெண்டு காலும் சேர்ந்தே தைச்சுப்போச்சு.

அக்கா: சத்தியம் பண்ற மூஞ்சிங்களைப் பாரு. டீ வேணுமா?

மாமா: வேணும்.

மாப்பிள்ளை: எனக்கும்.

அக்கா: இது நாலாவது டீ. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பாத்ரூமுக்கு ஓடுறீங்க. என்னங்க... கொஞ்சம் உள்ளே வந்துட்டுப் போங்களேன்.

மாமா: அப்புறம்.

அக்கா: அப்புறம்னா எப்ப?

மாமா: அப்புறம்னா அப்புறம்தான். நீ போய் டீயைப் போடு.

மாப்பிள்ளை: அக்கா ஏன் ஒரு மாதிரி இருக்கு?

மாமா: உங்க குடும்பத்துலயே எல்லாரும் ஒரு மாதிரிதான். டிவியைப் பாரு.

மாப்பிள்ளை: பாக்குறேன்... மாமா, ஓட்டுறவன் தலைக்குப் பாதுகாப்பா மேல ஒரு வளையம் வச்சிருக்கான்ல? முதல் முதல்ல வந்தப்ப நீங்க என்ன பேச்சுப் பேசினீங்க.

மாமா: செருப்பு வாரு மாதிரி இருக்குன்னேன். இப்பவும் அப்படித்தான் இருக்கு. ஆனா எத்தனை தலையைக் காப்பாத்தியிருக்கு.

மாப்பிள்ளை: எல்லாத் தலையையும் காப்பாத்துமா?

மாமா: ஏன் கேக்குற?

மாப்பிள்ளை: சும்மா... பொது அறிவு.

மாமா: பொது அறிவா? உனக்கா? இந்தா, வண்டியெல்லாம் டயர் மாத்த உள்ளே வருது, பாரு. ரெண்டு செகண்டுல நாலு டயர். நான் ஒரு பட்டன் மாத்த ரெண்டு நாள் கேக்குறேன்.

மாப்பிள்ளை: கேட்டுட்டு நாலாவது நாள் குடுக்குறீங்க.

மாமா: வாயைக் குறைடா.

மாப்பிள்ளை: மாமா... மழை வந்துடுச்சு.

மாமா: தூறல்தான். எத்தனாவது சுத்து இது?

மாப்பிள்ளை: இருபத்தி ஆறு. பின்னாடி ஓட்டட்டுமா? ஆரம்பத்துல அந்த மஞ்சள் வண்டிக்காரன் பண்ணின கூத்து நல்லா இருந்துச்சு.

மாமா: ஓட்டு, ஓட்டு. நானே சொல்லணும்னு இருந்தேன்.

மாப்பிள்ளை: நீங்களா?

மாமா: ஏன், எனக்குக் கூத்து பிடிக்காதா?

மாப்பிள்ளை: விளம்பரம் வந்தாலே ரிமோட்டைப் பிச்சு எறியுற ஆளு நீங்க. இன்னிக்கு மூணு மணி நேரமா ஒரு தடவை கூட வேகமா ஓட்டுன்னு சொல்லல.

மாமா: வயசாச்சுடா. நிதானம் வருது.

மாப்பிள்ளை: ஞாயித்துக்கிழமை வரைக்கும் வராத நிதானமா?

மாமா: நீ மட்டும் என்ன? பல்லன் முந்தினாலே சோபா மேல ஏறி நிப்பே. அக்காகிட்ட அடி வாங்கிட்டுத்தான் இறங்குவே. இன்னிக்கு ஏதோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்திருக்கே.

மாப்பிள்ளை: முதுகு வலி.

மாமா: ஓ. முதுகு.

மாப்பிள்ளை: மாமா, ஒண்ணு பண்ணலாமா? மீதியை அடுத்த வாரம் பாப்போம்.

மாமா: சரி.

மாப்பிள்ளை: ...சரியா?

மாமா: சரின்னேன்ல. ரிமோட்டைக் கீழே வை.

மாப்பிள்ளை: உங்க கல்யாணத்தன்னிக்கே தாலி கட்டி முடிச்ச கையோட ரேஸ் என்னாச்சுன்னு கேட்ட ஆளு நீங்க. பாதியில விடச் சொன்னா சரிங்குறீங்க?

மாமா: பாதியில விடலாம்னு சொன்னது யாரு?

மாப்பிள்ளை: நீங்க பாத்துட்டீங்க.

மாமா: என்னத்தை?

மாப்பிள்ளை: சத்தியத்தை மீறிட்டீங்க மாமா. உங்களுக்குத் தெரியும்.

மாமா: முப்பத்தோராவது சுத்துல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?

மாப்பிள்ளை: முப்பத்தோராவது சுத்துன்னு நான் சொல்லவே இல்லையே.

மாமா: டீ இன்னும் வரலையே...

மாப்பிள்ளை: டெய்லர் வாயைத் தைக்க மறந்துட்டாரு.

மாமா: சரி, துரை மட்டும் யோக்கியமா? உனக்கும் தெரியும். நேத்து சாயங்காலமே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

மாப்பிள்ளை: எப்படி?

மாமா: போன வாரம் நெட்டுல நீ எழுதிப் போட்டியே ஒண்ணு, 'பல்லா, பயமா இருந்தா குடை எடுத்துட்டு வா'ன்னு. நானூறு பேர் சிரிச்சானுங்க. நேத்து பாத்தா அது அங்க இல்ல. காரணம் இல்லாம ஒருத்தன் நானூறு பேர் சிரிச்சதை அழிப்பானா?

மாப்பிள்ளை: நீங்களும் சிரிச்சீங்க.

மாமா: சிரிச்சேன். முதல் ஆளாச் சிரிச்சேன்.

மாப்பிள்ளை: நேத்து பதினாலாவது மாடியில, லிஃப்ட் மோட்டார் ரூம்ல இருந்தேன். மழை சத்தம் கேட்டுச்சு. ரேஸ் நடக்குற இடத்துலயும் மழையான்னு பாக்கத்தான் போனை எடுத்தேன் மாமா, சத்தியமா. அஞ்சு நிமிஷம். சரியா அந்த அஞ்சு நிமிஷம்.

மாமா: இடிச்சதைப் பாத்தியா?

மாப்பிள்ளை: இடிச்சதைக் காட்டல. திரும்பவும் காட்டல. சின்னதா ஒரசினாலே பத்து கோணத்துல பத்து தடவை காட்டுறவனுங்க... கேமராவை ஜனங்க பக்கம் திருப்பிட்டு அப்படியே வச்சிருந்தானுங்க.

மாமா: காட்டலைன்னாலே...

மாப்பிள்ளை: காட்டலைன்னாலே பெருசுதான். நாம ரெண்டு பேரும் பாக்காத ரேஸா?

மாமா: அந்த ஒன்பதாவது திருப்பம்.

மாப்பிள்ளை: அதேதான். அந்தச் சுவத்துக்கு முன்னாடி டயர் அடுக்குங்க, மழை பெஞ்சா ரேஸை நிறுத்துங்கன்னு பல்லன் ஒரு வாரமாக் கத்தினான். லிஃப்ட் கயித்துல ஒரு இழை பிரிஞ்சிருந்தாக்கூட கட்டடத்தையே பூட்டிட்டு வர்றவன் நான். மேனேஜர் திட்டுவான், ஏறி இறங்குறவன் எல்லாம் திட்டுவான், அசைய மாட்டேன். அவன் கேட்டது நாலு வரிசை பழைய டயர். அதுக்கு நான் குடை எடுத்துட்டு வாடாங்குறேன்.

மாமா: நீ எழுதினதால சுவரு முன்னாடி நகந்து வந்துடல.

மாப்பிள்ளை: தெரியும். ஆனா அவன் படிச்சிருந்தா?

மாமா: அவனுக்குத் தமிழ் தெரியாதுடா.

மாப்பிள்ளை: அது ஒண்ணுதான் ஆறுதல். சிரிக்காதீங்க.

மாமா: நீதான் முதல்ல சிரிச்சே.

மாப்பிள்ளை: ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு பாத்தேன். அதோட போனை அணைச்சவன்தான், இன்னும் போடல. உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சு, இங்க வந்து எப்படியாவது அந்த இடத்தைத் தள்ளிவிடணும்னு...

மாமா: அதான் மஞ்சள் வண்டிக்காரன் கூத்தா.

மாப்பிள்ளை: உங்களுக்குப் பிரஷர் வேற இருக்கு. மாத்திரை போடாம டீயாக் குடிக்குறீங்க.

மாமா: உங்க அக்கா டீயில அவ்வளவு விஷயம் கிடையாது.

அக்கா: கேக்குது. கப்பு ஆறிடும், எடுத்துக்கோங்க. தம்பி, நீ சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.

மாப்பிள்ளை: சரிக்கா... மாமா, போனை அணைக்குறதுக்கு முன்னாடி ஒரு கடிதம் எழுதி அவங்க டீமுக்கு அனுப்பிட்டேன். பக்கத்து ஆபீஸ்ல ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்துச்சு.

மாமா: என்னன்னு?

மாப்பிள்ளை: நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு, எந்திரிச்சதும் திட்டி ஒரு வரி எழுதுன்னு. எழுதுவானா மாமா? எத்தனை நாள்ல எந்திரிப்பான்? உங்க கடைக்கு வர்றவன் எவனாவது இன்னிக்கு ஏதாவது சொன்னானா?

மாமா: அந்த ரிமோட்டை இப்படிக் குடு. முதல்லேருந்து போடுறேன்.

மாப்பிள்ளை: எதுக்கு? அதான் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சே.

மாமா: உனக்கு ஆஸ்பத்திரி வரைக்கும்தான்டா தெரியும். காலையில ஆறு மணிக்கே போயிட்டான்... முப்பதாவது சுத்து வரைக்கும் இருக்கான்ல, அதான் பின்னாடி பின்னாடி ஓட்டிக்கிட்டிருந்தேன்.