ரீலின் மேல் ஒரு மஞ்சள் கோடு

தூண்டில் வாங்கப் போகிறவர்கள் முதலில் கோலைத்தான் பார்ப்பார்கள். பளபளவென்று இருந்தால் போதும், கடைக்காரன் தலையில் கட்டிவிடுவான். பார்க்க வேண்டியது நரம்பு சுற்றியிருக்கிற ரீலை. நீங்கள் மீன் பிடிக்கிறவர் இல்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார். இல்லாவிட்டால் பிறகு நான் சொல்லப்போவது விளங்காது.

கரையில் நின்று லூரை வீசிப் பிடிப்பது காஸ்டிங். லூர் என்றால் பிளாஸ்டிக்கில் செய்த பொய் மீன். அதற்கு எட்டடி ராட் வேண்டும், எடை குறைவாக, நுனி வளைகிற மாதிரி. ரீலும் சின்னதாக இருக்க வேண்டும். ஒரு காலையில் முந்நூறு தடவை வீசுகிறவனுக்கு கனமான ரீலைக் கொடுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். ட்ரோலிங் வேறு. படகு ஓடிக்கொண்டே இருக்கும், லூர் நாற்பது மீட்டர் பின்னால் இழுபட்டு வரும். அதற்குக் குட்டையான தடித்த ராட், பெரிய டிரம் ரீல். ரீலின் கைப்பிடிக்கு அடியில் நட்சத்திரம் போல ஒரு சக்கரம் இருக்கும். அதைத் தளர்த்தி வைத்தால், பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். முழுக்க இறுக்கிவிட்டால் விடவே விடாது. இரண்டுக்கும் ஒரே செட்டை வைத்துக்கொண்டு சமாளிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் மதிவாணன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டர். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. நட்டை இறுக்கிச் சரிபார்த்ததும், நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட வேண்டும். பின்னால் நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் கேஸ் ரெகுலேட்டரில் இருந்து ஃபேன் வரைக்கும் கோடு இருக்கும். "எனக்கும் நெத்தியில ஒண்ணு இழுத்துட்டுப் போயேன்" என்பாள் என் மனைவி வினோதா.

போன மாதம் கிரேனில் இருந்து தகடுக் கட்டு விழுந்து சுப்பராயன் என்ற ஹெல்பர் செத்துப்போனார். ஷேக்கிள், அதாவது கட்டைத் தொங்கவிடுகிற இரும்பு வளையம், அதன் நட்டு கழன்றிருந்தது. கிரேன் ஓட்டியவன் சாம்சன். ஆட்டி ஓட்டியதால்தான் கழன்றது என்று அவனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த ஷேக்கிளைச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நான். அன்றைக்கு எனக்குக் கடுமையான பல்வலி. நாற்பது ஷேக்கிள் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

சாம்சன் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். வினோதா காபி கொடுத்தாள். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து போனை எடுத்துக் காட்டினான்.

"வுயுந்ததுமே எடுத்த போட்டோண்ணே. மார்க்கே இல்ல பாருங்க. நான் இன்னும் யாருக்கும் அனுப்பல. திங்கக்கெயம என்கொயரில நீங்களே சொல்லிட்டா உங்களுக்கும் மருவாதி. ஊட்ல ஷைனிக்கு எட்டாம் மாசம் நடக்குது. எனக்கு வேல போச்சுன்னா இன்னாண்ணே பண்றது?"

அவன் என்னை மிரட்டியிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. நியாயமாகப் பேசினான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், என் கூடத்தில் உட்கார்ந்து, என் மரியாதையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று எனக்கே வழி சொன்னான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சொல்லிடறேன் சாம்சா. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கெயம பழவேற்காடு போய்க்கினு வரலாம். நீதான் ரெண்டு வருசமா கேட்டுக்கினே இருக்கியே" என்றேன்.

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அவனுக்குத் தனி செட் வாங்கினேன். சென்னைக்குப் போய் இரண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அங்கே கிடைக்கிற கொடுவா மீனுக்குச் சாதாரண நரம்பே போதும். நான் கேட்ட தடிமனைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "சுறாவா சார் புடிக்கப் போறீங்க?" என்றார். ஆள் புதுசு, அறுத்துவிடுவான் என்றேன். தோளிலும் இடுப்பிலும் மாட்டுகிற ஒரு பட்டையும் வாங்கினேன். அதன் இரண்டு கொக்கியும் ரீலோடு சேரும். ராட் கை நழுவிப் போகாது.

இன்று காலை ஆறரைக்கு மணவாளனின் ஃபைபர் படகை எடுத்தோம். ஆறு வருஷமாக என்னை நம்பித் தனியாகப் படகைக் கொடுக்கிறவர். கிளம்பும்போது, "மூங்கில் நட்டிருக்கிற பக்கம் மட்டும் வாணாம் சார், அடியில ஒடஞ்ச போட் கெடக்குது" என்றார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை.

முகத்துவாரத்தில் தண்ணீர் கடலுக்குள் வேகமாக வடிகிற நேரம். சாம்சனுக்கு நீச்சல் தெரியாது. பட்டையைப் போட்டால் மேலே லைஃப் ஜாக்கெட் சேராது. இரண்டையும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"எதுண்ணே போடணும்?"

"மீன் புடிக்க வந்தியா, மெதக்க வந்தியா?"

சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டைத் தள்ளி வைத்தான். ரெண்டாம் ஆராதனைக்கு வந்துவிடுவதாக ஷைனியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறானாம். கொடுவா மாட்டினால் தலை எனக்கு, நடுத்துண்டு அவளுக்கு என்றான். நான் கொக்கிகளை மாட்டிவிட்டேன். ரீலில் ஒரு சின்ன லீவர் உண்டு, தட்டினால் டிரம் சும்மா சுழன்று நரம்பு முழுவதையும் விட்டுவிடும். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

மூங்கில்களுக்கு நடுவே ஓட்டினேன். லூர் அடியில் மாட்டியது. "அண்ணே, பெரிசு" என்றான். நான் வேகத்தைக் கூட்டினேன். அவன் பின்பக்கமாகப் போனான், தண்ணீரில் பெரிய சத்தம்கூட இல்லை. நரம்பு அடியில் பிடித்திருந்தது, தண்ணீர் அவனைக் கடல் பக்கம் தள்ளியது. நடுவில் இருந்தவன் கீழேதான் போக வேண்டியிருந்தது. இரண்டு தடவை மேலே வந்தான். முதல் தடவை என்னைக் கூப்பிட்டான். இரண்டாவது தடவை வாய் திறக்க முடியவில்லை. கத்தி லூர் பெட்டியில் மேல் தட்டிலேயே இருந்தது. நான் இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கரைக்கு வந்து மணவாளனிடம் விபத்து என்று சொன்னேன்.

மத்தியானம் வடிசல் நின்றதும் மணவாளன்தான் இறங்கித் தூக்கினார். பட்டை, ராட், ரீல் எல்லாம் உடம்போடுதான் வந்தன. போன் சட்டைப் பையில் இருந்தது, உப்புத் தண்ணீரில் வீணாகிவிட்டது. ஷைனி ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்தீங்களேண்ணே, அதுவே போதும்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. நிஜமாகத்தான் அழுதேன்.

நீங்கள் கெட்டிக்காரர். மற்றவர்கள் எல்லாரும் உடம்பைப் பார்த்தார்கள், நீங்கள் ரீலைத் திருப்பிப் பார்த்தீர்கள். நட்சத்திரச் சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் குறுக்கே இது என்ன மஞ்சள் கோடு என்று கேட்டீர்கள். நேற்று ராத்திரி சாப்பிட்டபிறகு சக்கரத்தை முழுக்க இறுக்கினேன். இறுக்கியதும் கை தானாகப் பெயின்ட்டை எடுத்துவிட்டது. வினோதா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு இன்னும் நேராக இருக்கிறது. வீட்டில் இறுக்கியது தண்ணீருக்குள் ஒரு துளிகூட நகரவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆமாம் சார், நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. நாளைக் காலை பத்து மணிக்கு கம்பெனியில் சுப்பராயன் விஷயமாக என்கொயரி இருக்கிறது. யாராவது ஒரு கான்ஸ்டபிளிடம் அந்த ரீலைக் கொடுத்து அனுப்புங்கள். நான் பார்க்காமல் எதையும் விடுகிற ஆள் இல்லை என்று அவர்களும் ஒரு தடவை தெரிந்துகொள்ளட்டும்.