நாற்பத்திரண்டு பாயின்ட்

– பதினேழு செகண்ட்.

– இன்னா சார் பதினேழு?

– பெல்லை அழுத்தினேன். ஆள் வந்து நிக்கப் பதினேழு செகண்ட் ஆச்சு. எழுதிக்கறேன்.

– அது காலி பெட்டு சார். காலி பெட்ல பெல் அடிச்சா யாரு கூப்டறாங்கன்னு தெரியாம அந்தப் பொண்ணு கொழம்பி நின்னுட்டா. ஆளு படுத்திருந்தா அதுல பாதிதான் ஆவும்.

– காலியா இருந்தா என்ன, பெல் பெல்தானே சிஸ்டர்? ஆவடி ஃபேக்டரில முப்பத்தேழு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். இந்தக் கலியமூர்த்தி கையெழுத்து இல்லாம ஒரு நட்டு கூட செக்‌ஷனை விட்டு வெளிய போனதில்லை. சொல்லிட்டு வந்து பார்க்கறதுக்குப் பேரு இன்ஸ்பெக்‌ஷன் இல்லைங்கறேன்.

– பாருங்க சார், நல்லா பாருங்க. இந்தக் கோமளா இன்சார்ஜா கீற வரைக்கும் இங்க எந்த ரூமும் பூட்டிக் கெடக்காது. மருந்து அலமாரி மட்டும்தான் பூட்டு. அதுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு டாக்டரம்மாகிட்ட.

– ரெண்டும் சேர்ந்தாத்தான் திறக்குமா?

– ஆமா. நோவுக்குக் குடுக்கற மார்ஃபின் அதுலதான் கீது.

– அப்ப டாக்டரம்மா வீட்டுக்குப் போனப்புறம் ஒருத்தருக்கு வலி வந்தா?

– போவசொல்ல அவங்களும் நானும் ஆளுக்கொரு நைட் டூட்டி சிஸ்டருகிட்ட கையெழுத்து வாங்கிகினு சாவியக் குடுத்துட்டுத்தான் போவோம். நீங்க கேப்பீங்கன்னு தெரியும் சார். தோ, ரிஜிஸ்டரு.

– ம். சரியா இருக்கு. மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க இப்ப?

– பதினோரு பேரு. அல்லாருமே, இனிமே வைத்தியம் இல்லன்னு ஆஸ்பத்திரில அனுப்பினவங்கதான். நாங்க நோவக் கொறைப்போம், குளிப்பாட்டுவோம், கூட இருப்போம். பொழைக்க வெப்போம்னு மட்டும் சொல்ல மாட்டோம். மொதல்லயே சொல்லிடறேன்.

– அதையும் எழுதிக்கறேன். பொய் வாக்கு இல்லை.

– இன்னும் எத்தினி கீது சார் அந்த நோட்ல?

– மொத்தம் நாப்பத்திரண்டு பாயின்ட். முப்பத்தஞ்சு முடிஞ்சுது. பாத்ரூம் கதவு முப்பத்தாறு இஞ்ச், வீல்சேர் தாராளமாப் போகும். பிடிச்சுக்கற கம்பி ஆடலை. பினாயில் நெடி இல்லை. நெடி தூக்கலா இருந்தா எதையோ மறைக்கறாங்கன்னு அர்த்தம். கஞ்சி சூடு இருக்கு, ஆனா உப்பு கம்மி.

– கஞ்சி எப்ப சார் குடிச்சீங்க?

– கிச்சன்ல கேட்டு வாங்கிக் குடிச்சேன்.

– நல்ல ஆளு சார் நீங்க! வாய்ப்புண்ணு கீறவங்களுக்கு உப்பு பட்டா எரியும். அதான் கம்மியா போடறோம். வோணுங்கறவங்களுக்குத் தனியா தருவோம்.

– ஓகோ. அப்ப அதை அடிச்சுடறேன்.

– இங்க வர்றதுக்கு முன்னாடி வேற எங்க பாத்தீங்க?

– மூணு இடம் பார்த்தாச்சு. சென்னீர்குப்பத்துல ஒண்ணு. ஹைவே மேலயே கட்டி வெச்சிருக்கான், லாரிக்காரன் ஹாரன் அடிச்சா கட்டில் அதிருது. ரிஜெக்ட். ஆவடி பக்கம் ஒண்ணு. பார்க்க வரவங்களுக்கு சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்தான் அனுமதியாம். ஜெயிலா அது? ரிஜெக்ட். அப்புறம் போன செவ்வாய்க்கிழமை திருவேற்காட்டுல ஒண்ணு.

– அங்க இன்னா கொற?

– வார்டு கடிகாரம் நின்னு போயிருந்தது.

– அதுக்காவா வாணாம்னுட்டீங்க?

– கடிகாரம் நின்னதையே பார்க்காதவங்க, மாத்திரை நேரத்தை எப்படிப் பார்ப்பாங்க?

– பேட்டரி தீந்துபோயிருக்கும் சார்.

– தீர்றதுக்கு முன்னாடி மாத்தறதுக்குப் பேருதான் குவாலிட்டி. சரி, அடுத்தது. இந்தக் கட்டில்ல இருக்கற பெரியவரைப் பார்க்கலாமா?

– அவரையே கேளுங்க. தங்கராஜண்ணே, இந்த சார் உங்களப் பாக்கணுமாம்.

– வா நைனா. காலையிலேர்ந்து அல்லார் கட்டிலுக்கு அடியிலயும் பூந்து பூந்து பாத்தியே, அது நீதானா? இன்னா, பாம் எதுனா கெடச்சுதா?

– இவரு லாரி ஓட்டினவரு சார். உடம்புதான் படுத்துகிச்சு, வாய் படுக்கல.

– இருக்கட்டும் சிஸ்டர். இவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லையா? சார்ட் எங்க?

– காலாண்ட தொங்குது பாருங்க.

– எட்டு மணி டிக். பத்து மணி டிக். பன்னெண்டு மணி டிக். ரெண்டு மணி டிக்.

– கரீட்டா கீதா?

– சிஸ்டர், இப்ப மணி என்ன?

– ஒண்ணே முக்கா.

– ரெண்டு மணிக்குத் திருப்பப் போறதுக்கு ஒண்ணே முக்காலுக்கே எப்படி டிக் விழுந்தது?

– ஐயோ. குடுங்க சார். இது டூட்டிப் பொண்ணு ரோஷினி போட்டது. சாப்பிடப் போற அவசரத்துல மொதல்லயே போட்டுட்டுப் போயிருக்கு.

– மழுப்பப் போறீங்களா?

– எதுக்கு மழுப்பணும்? தப்பு தப்புதான். தோ, அடிச்சிட்டுப் பக்கத்துல என் கையெழுத்து போட்டுட்டேன். அவ வரட்டும், நான் பேசிக்கறேன். நீங்க உங்க நோட்ல எழுதிக்கங்க.

– எழுதறதா? ஃபேக்டரியா இருந்தா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பியிருப்பேன். பேப்பர்ல பொய் வந்துட்டா அப்புறம் எதை நம்பறதுங்கறேன்.

– பேப்பர உடு நைனா. என் முதுகப் பாரு. நாலு மாசமா இந்தக் கட்டில்லதான் கீறேன். கோமளா, சட்டையத் தூக்கு.

– நல்லா கிட்ட வந்து பாருங்க சார். கைய வெச்சே பாருங்க.

– புண்ணு இல்லை.

– செவந்து கீதா?

– இல்லை. இடுப்பெலும்புகிட்ட கூட இல்லை.

– இங்க வரசொல்ல உள்ளங்கை அகலத்துக்கு ஓட்ட இருந்துச்சு. அந்த ரோஷினிப் பொண்ணுதான் தெனம் கழுவிக் கழுவி ஆத்தினா. டிக்கு போடறதுல அவசரக் குடுக்க. ஆனா கை தங்கம் நைனா. கோமளா, அவளத் திட்டிகினு இருக்காத.

– திட்டறது என் வேல, நீ அதுல வராத அண்ணே.

– பெரியவரே, வலி எப்படி இருக்கு?

– மணி தவறாம மருந்து குடுக்கறாங்க. இல்லன்னு சொல்ல மாட்டேன், கீது. எட்டத்துல நின்னுகினு கீது. ஊட்ல இருக்கசொல்ல அது என் மேல ஏறி உக்காந்துகினு இருந்துச்சு. பல்லக் கடிச்சுக் கடிச்சு ரெண்டு பல்லு போச்சு. யாரு கேட்டாலும் இல்லவே இல்லம்பேன்.

– ஏன்?

– சொன்னா எம்பொண்டாட்டி அழுவும். அத்தப் பாக்கறதுக்கு நோவே தேவல.

– சரி, படுங்க. உடம்பைப் பார்த்துக்கங்க.

– நீயும்தான். கட்டிலுக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு புடிச்சிக்கப் போவுது.

– வாங்க சார், ஆபீஸ் ரூமாண்ட உக்காந்து பேசலாம். மீதி எத்தினி பாயின்ட்டு?

– எல்லாம் முடிஞ்ச மாதிரிதான்.

– குடுங்க பாக்கலாம். நாப்பது வரைக்கும் டிக் கீது. நாப்பத்திரண்டு உங்க கையெழுத்து, அது கடைசில. நாப்பத்தொண்ணு, ‘கடைசி நேரம்’. அத்தக் கேக்கவே இல்லையே நீங்க?

– அது அப்புறம் கேட்டுக்கலாம்.

– அப்புறம் எப்ப? நானே சொல்லிடறேன். ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சிடும், மூச்சு மாறும். ஒடனே ஊட்டுக்கு போன் பண்ணிடுவோம். நீங்க எந்நேரமும் வந்து பக்கத்துலயே இருக்கலாம். வழியில மாட்டிகிட்டா நான் கையப் புடிச்சிகினு உக்காந்திருப்பேன். இதுவரைக்கும் யாரையும் தனியா உட்டதில்ல.

– எழுதிக்கறேன்.

– எழுதல சார் நீங்க. பேனா மூடி போட்டிருக்கு.

– ...எழுதிக்கறேன்னேன்.

– சரி. இப்ப நான் கேக்கறேன். உங்க ஊட்டம்மாவுக்கு எப்டி கீது?

– லோகநாயகிக்கா? கேன்சர் முதுகெலும்புல இறங்கிடுச்சுன்னு மார்ச் மாசம் சொன்னாங்க. இனிமே ஊசி மருந்து வேணாம், இந்த மாதிரி ஒரு இடமாப் பாருங்கன்னு டாக்டரே சொல்லிட்டார்.

– இப்ப ஜூலை.

– அதுக்குன்னு அவசரப்பட்டு கிடைச்ச இடத்துல தள்ளிட முடியுமா? பொண்ணு கார்த்திகா புனேல இருக்கா, அவளும் போன் போட்டு ‘என்னப்பா ஆச்சு, என்னப்பா ஆச்சு’ங்கறா. பார்த்துட்டுதானே இருக்கேன்?

– நோவு எப்டி?

– கேட்டா இல்லைங்கறா.

– படுத்து தூங்கறாங்களா?

– படுக்கறதில்லை. சோஃபாலயே சாஞ்சு உக்காந்துக்குவா. படுத்தா காத்து வரலையாம்.

– ஊட்ல ஃபேன் இல்லையா சார்?

– இருக்கு.

– தங்கராஜண்ணன் முதுகக் கைய வெச்சுப் பாத்தீங்க. அம்மா முதுக எப்பப் பாத்தீங்க?

– பார்த்தேன்.

– எப்ப?

– ஏம்மா, நீ யாரைக் கேள்வி கேக்கறே? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தது நானு!

– கேக்கறது என் வேல சார். எப்பப் பாத்தீங்க?

– பார்க்கலை. பயமா இருக்கு. அவ முதுகைப் பார்க்க எனக்குப் பயமா இருக்கு. போதுமா?

– தண்ணி குடிங்க சார்.

– வேணாம். இங்க கொண்டு வந்து விட்டா அவ வீட்டுக்குத் திரும்ப வரமாட்டா. அது எனக்குத் தெரியாதா? முப்பத்தேழு வருஷம் லட்சம் கையெழுத்து போட்டிருக்கேன், ஒரு நாளும் கை நின்னதில்லை. இந்த ஒரு கையெழுத்துக்குக் கை வரமாட்டேங்குது. நான் என்ன பண்ண?

– யாருக்கும்தான் வராது.

– அதுக்காக உங்க சார்ட்ல இருக்கற தப்பு சரியாயிடாது. இந்த இடத்தை நான் பாஸ் பண்ண முடியாது சிஸ்டர். திருநின்றவூர்ல ஒரு இடம் இருக்காம். சனிக்கிழமை அதையும் பார்த்துட்டு சொல்றேன்.

– அப்ப இதுவும் ரிஜெக்ட்டு.

– ஆமா.

– எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணக் கேட்டுக்கங்க. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். பரவால்ல, சொல்றேன். உங்க ஊட்டம்மா இங்க வந்துட்டுப் போய்ட்டாங்க.

– எந்த அம்மா?

– லோகநாயகி அம்மாதான். செவ்வாக்கிழமை.

– செவ்வாய்க்கிழமை நான் திருவேற்காட்டுக்குல்ல போயிருந்தேன்.

– அது தெரிஞ்சுதான் வந்தாங்க. உங்க பக்கத்து ஃப்ளாட்டு தீபிகா கார்ல, பின் சீட்ல ஒருக்களிச்சுப் படுத்துகினு. நெமிலிச்சேரில உங்க ஊட்லேர்ந்து இந்தக் கரையான்சாவடி வர்றதுக்குள்ள மூணு வாட்டி வண்டிய நிறுத்த வேண்டியதாயிடுச்சாம். நோவு தாங்காம.

– வலி இல்லைன்னாளே. அன்னிக்கு ராத்திரி கூட என்னைப் பார்த்து இல்லைன்னாளே!

– இங்க எறங்கசொல்ல நானும் தீபிகாவும் ரெண்டு பக்கமும் தாங்கிகினோம்.

– இந்த இடம் அவளுக்கு எப்படித் தெரியும்?

– உங்க நோட்டப் படிச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் கீழ நீங்க ரிஜெக்ட்டுன்னு போட்டு வெச்சிருக்கறதப் பாத்திருக்காங்க. திருவேற்காட்டுக்கு அடுத்ததா எங்க பேரு இருந்துச்சாம். ‘இதையும் வாணாம்னுதான் சொல்லுவாரு சிஸ்டர், அதுக்குள்ள நானே ஒரு வாட்டி பாத்துடறேன்’னாங்க.

– அவளுக்கு என்ன பார்க்கத் தெரியும்? பாத்ரூமைப் பார்த்தாளா?

– இல்ல சார்.

– கட்டிலை? மெத்தையை? நைட்ல எத்தனை பேர் டூட்டின்னு கேட்டாளா? மருந்தைப் பத்தி?

– ஒண்ணும் கேக்கல. வராண்டால பெஞ்ச்ல உக்காந்தவங்க, எழுந்து உள்ள கூட வரல.

– ஒண்ணுமே பார்க்காம, ஒண்ணுமே கேக்காம அவ எப்படிம்மா முடிவு பண்ணுவா?

– ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அதுக்கு நான் சரின்னேன். ‘அப்ப இங்கயே வந்துடறேன்’னுட்டுக் கெளம்பிட்டாங்க.

– என்ன கேட்டா?

– ‘நான் கண்ண மூடினப்புறமும் அவரு தெனம் இங்க வந்து, அது சரியில்ல இது சரியில்லன்னு கொற சொல்லிகினுதான் நிப்பாரு. போவ வேற எடம் இல்ல அவருக்கு. தொரத்தாம உள்ள உடுவீங்களா’ன்னு கேட்டாங்க சார்.