உப்புக்குதிரை ஏறியவன்

எனக்குச் சினிமாப் பைத்தியம் கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கொட்டகையில் ஊரே விசிலடிக்கும்போது மூக்குப்பொடி போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் நான். என் ஆயுளில் ஒரு படத்துக்காக ஏங்கிக் காத்திருந்தேன் என்றால் அது இந்தப் பொங்கலுக்கு வந்த படம் ஒன்றுதான். அதுவும் படத்துக்காக இல்லை, கதைக்காக.

‘உப்புக்குதிரை’ உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நம் வயசுக்காரர்களில் அந்தத் தொடர்கதை இல்லாமல் வளர்ந்தவர்கள் குறைவு. மாதாமாதம் அது வந்த பிள்ளைகள் பத்திரிகை நீடாமங்கலம் ஸ்டேஷனில் வந்து இறங்கும். உப்பால் செய்த குதிரை, முதுகில் இளவரசன், கீழே ஏழு கடல். சொட்டுத் தண்ணீர் பட்டாலும் குதிரை கரைந்துவிடும். கடைசிக் கடலில் இளவரசன் தவறி விழ, அவனைத் தூக்கிவிடக் குதிரை தானே தண்ணீரில் இறங்கிக் கரைந்துபோகும். அந்த அத்தியாயம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. சுரமோ என்று பயந்து அம்மா நெற்றியில் பற்றுப் போட்டார்கள். பிறகு அத்தனை இதழ்களையும் தைத்து பைண்டு செய்து வைத்துக்கொண்டேன். ஊரில் வாசகசாலை தொடங்கியபோது முதலில் அலமாரியில் வைத்த புத்தகம் அதுதான். நிலம் நீச்சு எல்லாம் அப்பா வைத்துவிட்டுப் போனது. அந்த வாசகசாலை ஒன்றுதான் நானாக உண்டாக்கியது.

துரைக்கண்ணுவுக்கு அந்தக் கதையைக் கொடுத்ததும் நான்தான். அவன் அப்பன் எங்கள் பண்ணையாள். சின்ன வயசில் எங்கள் மாட்டை அவன்தான் ஓட்டிக்கொண்டு போவான். சாயங்காலம் நான் களத்துமேட்டில் உட்கார்ந்து சத்தம்போட்டுப் படிப்பேன், அவன் வைக்கோல் போர் ஓரமாக நின்று கேட்பான். அவனை நிற்கவேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேறு எந்த மிராசுதார் வீட்டிலும் விரட்டியிருப்பார்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

படம் எடுக்கிறார்கள் என்ற செய்தி ஆடி மாதமே வந்துவிட்டது. அப்போதிலிருந்து டீக்கடையில் வேறு பேச்சு இல்லை. குதிரையைக் கண்ணாடியில் செய்திருக்கிறார்களா கற்பூரத்தில் செய்திருக்கிறார்களா, ஏழு கடலும் கலரில் வருமா, பறக்கும்போது கயிறு தெரியுமா தெரியாதா என்று பெரிய மனுஷர்களே சண்டை போட்டார்கள். ஸ்கூல் வாத்தியார் ஒருவர், கயிறு தெரிந்தால் பாதி மீசையை எடுத்துவிடுகிறேன் என்று பந்தயம் கட்டினார். வாசகசாலைக்காரர்கள் நாங்கள் ஒரு பக்கம் மன்றம் வைத்தோம். துரைக்கண்ணு அவன் தெருவில் ஒரு மன்றம் வைத்தான். நடவு நட்டுக்கொண்டே அவன் கதை சொல்லுவானாம், பெண்கள் குனிந்தபடியே கேட்பார்களாம். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

அறுவடைக் கூலித் தகராறு நடந்ததும் அப்போதுதான். ஆட்சி மாறியிருந்தது, செங்கொடிச் சங்கம் தெருத்தெருவாக வந்திருந்தது, துரைக்கண்ணு அதில் முன்னாலே நின்றான். கலத்துக்கு அரைப் படி கூடக் கேட்டார்கள். நாங்கள் வெளியூர் ஆள் இறக்கினோம். வரப்பில் கைகலப்பு ஆனது, ஒருவனுக்கு முழங்கால் சில்லு பெயர்ந்தது, அவன் இனிமேல் சேற்றில் இறங்க முடியாது. அடித்தவர்கள் என் ஆட்கள். நான் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன், யாரையும் தொடவில்லை. அன்று சாயங்காலம் அவர்கள் தெருவில் சில குடிசைகள் எரிந்தன. ஆள் சேதம் இல்லை. இவ்வளவும் நடந்த பிறகு தாசில்தார் முன்னால் முதலில் கையெழுத்துப் போட்டது யார்? நான். அரைப் படியைக் கொடுத்துவிட்டேன். அந்த விவகாரம் அதோடு சரி. துரைக்கண்ணு என்னை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை விட்டு ‘ஐயா’ என்று சொல்ல ஆரம்பித்தான். அதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

ஆகவே பத்திரிகையில் ‘கூலித் தகராறில் கணவன் மனைவி கொலை’ என்று போட்டதைப் பார்த்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். நீங்கள் வேறு பாவம் ஆற்று மதகு பார்க்கிற அந்த லஸ்கர் ராசுவைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். ஷட்டரைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போனான் என்கிறீர்கள். அவன் திறக்கவில்லை. விட்டுவிடுங்கள்.

விஷயம் போஸ்டரில்தான் ஆரம்பித்தது. மார்கழிக் கடைசியில் கொட்டகை முதலாளி அப்துல் அஜீஸ் டீக்கடைச் சுவரில் ஒட்டச் சொன்னார். குதிரை நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று, பிடரி பறந்துகொண்டு. ஆனால் முதுகில் இருந்த பையன் இடுப்பில் கோவணம் மட்டும் கட்டியிருந்தான். முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. பட்டாடை இல்லை, தலையில் ஒன்றும் இல்லை. உப்பளத்துக் கூலிக்காரன் மகன்தான் படத்தில் கதாநாயகன் என்று அஜீஸ் சொன்னார். இந்தக் காலத்தில் இளவரசன் என்றால் யார் பார்ப்பார்கள் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்திருப்பார்கள். நான் அந்தப் போஸ்டர் முன்னால் வெகுநேரம் நின்றேன். என் வீட்டுக்குள் வேறு யாரோ புகுந்து சாமான்களை இடம் மாற்றி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

துரைக்கண்ணுவின் தெருவில் அன்று திருவிழா. நம்ம பய குதிரை ஏறிட்டான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய படம் வந்தால் படப்பெட்டியை ஸ்டேஷனில் இறக்கி, வண்டியில் வைத்து, மேளதாளத்தோடு கொட்டகைவரை ஊர்வலமாகக் கொண்டுபோவோம். அந்த உரிமை எப்போதும் எங்கள் தெருவுக்குத்தான். இந்தத் தடவை அஜீஸ் அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். போய்க் கேட்டேன்.

“கோவிச்சுக்காதீங்க பஞ்சநதம். நீங்க சேர்ல உக்காந்து ஒரு தடவ பாப்பீங்க. அவங்க தரை டிக்கெட்ல பத்து தடவ பாப்பாங்க. கொட்டகை தரை டிக்கெட்டுலதாங்க ஓடுது” என்றார் அஜீஸ்.

வியாபாரி. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

துரைக்கண்ணு தஞ்சாவூரிலிருந்து பொய்க்கால் குதிரை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தான். மூங்கிலும் காகிதமும் துணியும் வைத்துச் செய்த கூடு. நடுவில் ஆள் நின்றுகொண்டு இடுப்பிலும் தோளிலும் கட்டிக்கொள்ள வேண்டும். காலுக்கு உயரமான மரக்கட்டை. கட்டிக்கொண்ட ஆள் உட்கார முடியாது, குனிய முடியாது, விழுந்தால் தானாக எழ முடியாது. முடிச்செல்லாம் முதுகுப்பக்கம் இருக்கும், இன்னொருவர்தான் அவிழ்த்துவிட வேண்டும். ஆட்டக்காரர்கள் இளைப்பாற வேண்டுமானால் உயரமான சுவராகப் பார்த்துச் சாய்ந்துகொள்வார்கள். கோயில் திருவிழாவில் பார்த்துப் பார்த்து இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். குதிரைக்கு வெள்ளை அடித்து, மேலே கோவணத்தோடு அவனே ஏறுவது என்று ஏற்பாடு.

அவனைக் களத்துமேட்டுக்கு வரச்சொல்லிப் பேசினேன். கோபமாகப் பேசவில்லை. “ஊர்வலம் போடா, வேண்டாங்கல. மேளம் வச்சுக்க. குதிரை மட்டும் வேண்டாம். வேணும்னா இன்னும் ஒரு அரைப் படி போட்டுத் தர்றேன்” என்றேன்.

“நெல்லு வேற, குதிரை வேறங்க ஐயா” என்றான். “நெல்லுக்குப் பேசி முடிச்சாச்சு. இது எங்க புள்ளைங்க ஆசைப்பட்டுக் கிடக்குதுங்க.”

“கதையக் கெடுக்கிறீங்களேடா. குதிரை மேல இருந்தது எளவரசன் இல்லயா?”

“அப்புடித்தான் நீங்க படிச்சீங்க. அப்புறம் நானும் எழுத்துக் கூட்டிப் படிச்சேங்க” என்றான். என்ன சொல்ல வருகிறான் என்று நான் கேட்கவில்லை.

போகி அன்று பகல் வண்டியில் பெட்டி வந்தது. ஸ்டேஷனிலிருந்து கொட்டகைக்கு நேர்வழி இருக்கிறது. ஆனால் குதிரை தண்ணீர் தாண்டியே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்ததால் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு வழியாகச் சுற்றிப் போனார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் நன்றாகவே ஆடினான். அந்தக் கட்டைக்காலில் குதிரை நிஜமாகவே காற்றில் போகிற மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

தலைப்பைத் தாண்டியதும் தோப்பில் சாப்பாடு. வண்டியும் மேளமும் கூட்டமும் அங்கே போய்விட்டன, லஸ்கரும் கூடப் போனான். துரைக்கண்ணு மட்டும் ஷட்டர் மேடையின் கைப்பிடிச் சுவரில் ஒருக்களித்துச் சாய்ந்து நின்றான். கட்டியதை எல்லாம் அவிழ்த்து மறுபடி கட்ட நேரமாகும் என்று பூவம்மாள் அவனுக்கு அங்கேயே சோறு எடுத்துவரப் போயிருந்தாள். பூவம்மாள் அவன் பெண்டாட்டி. எங்கள் வயலில் நடவுக்கு வருவாள், நல்ல கை.

என்னைப் பார்த்ததும் சிரித்தான். முகமெல்லாம் சுண்ணாம்பும் வேர்வையும்.

“நீங்களும் வந்தீங்களா ஐயா. புள்ளைங்க பாத்தா சந்தோசப்படும்” என்றான். பிறகு, “பின்னால முடிச்சக் கொஞ்சம் தளத்தி விடுறீங்களாங்க? இடுப்பு அறுக்குது” என்றான்.

பின்னால் போனேன். முடிச்சைத் தளர்த்தவில்லை, இன்னொரு முடிச்சுப் போட்டேன். அப்புறம் குதிரையை இரண்டு கையாலும் தூக்கி, அவனோடு சேர்த்துச் சுவரைத் தாண்டி ஆற்றில் தள்ளினேன். நினைத்ததைவிடக் கனம் குறைவுதான். மூங்கில்தானே.

சம்பாவுக்கு இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருந்த சமயம். மேல்பக்கம் ஆறு நிறைய நின்றது. கட்டைக்கால் மிதக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. கால் இரண்டும் மேலே வந்துவிட்டன, தலை உள்ளே போய்விட்டது. எப்படியோ உடம்பை முறுக்கித் திரும்பி, சுவரில் இருந்த இரும்புப் படியைப் பிடித்துவிட்டான். பலசாலி. ஷட்டர் திருகும் கைப்பிடியை லஸ்கர் எங்கே சொருகி வைப்பான் என்பது நிலம் வைத்திருக்கிற எங்கள் எல்லோருக்கும் தெரியும், முறைத்தண்ணீருக்கு எத்தனையோ தடவை நாங்களே திருகியிருக்கிறோம். அதை எடுத்து அவன் விரல்கள்மேல் அடித்தேன். விடவில்லை. மறுபடி அடித்தேன். ஒரு கை விரல்கள் நசுங்கிய பிறகும் மற்றக் கையால் பிடித்தான். அவன் கத்தவில்லை, என் முகத்தையே பார்த்தான். அந்தக் கையையும் அடித்தேன்.

சோற்றுச் சட்டியோடு பூவம்மாள் வந்ததை நான் பார்க்கவில்லை. சட்டி விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அவள் என்னிடம் வரவில்லை, நேராகத் தண்ணீரில் குதித்தாள். ஆற்றோரம் பிறந்தவள், நன்றாக நீந்துவாள். குதிரைக் கூட்டைப் பிடித்து அவன் தலையை வெளியே தூக்கிவிட்டாள். அவன் இருமினான். அவள் அவனைக் கரைப்பக்கம் இழுக்க ஆரம்பித்தாள்.

அப்போது நான் ஷட்டரைத் திறந்தேன். இதை ஆத்திரத்தில் செய்தது என்று எழுதவேண்டாம். அந்தத் திருகு லேசில் சுற்றாது, கை காய்த்துப்போகும், பலகை விரல்கடை விரல்கடையாகத்தான் எழும்பும். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். தண்ணீர் இழுக்க ஆரம்பித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்து, “மூடுங்க ஆண்டே, ஆண்டே, மூடுங்க” என்றாள். அந்தச் சொல்லை அந்தத் தெருவில் யார் வாயிலிருந்தும் கேட்டு மாசக்கணக்கு ஆகியிருந்தது. நான் திருகிக்கொண்டே இருந்தேன். அவனை விட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். விடவில்லை. குதிரை முதலில் பலகைக்கு அடியில் போனது, மூங்கில் நொறுங்கும் சத்தம் கேட்டது, அப்புறம் அவர்கள். கீழ்ப்பக்கம் வெள்ளைச் சாயம் மட்டும் கொஞ்சதூரம் ஓடியது.

கதையிலும் குதிரை தண்ணீரில்தான் முடிகிறது. கைப்பிடியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

சாதிக்காக, நிலத்துக்காக, கூலிக்காக நான் யாரையும் எதுவும் செய்ததில்லை. எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இஷ்டத்துக்கு மாற்ற ஒருவனுக்கும் உரிமை இல்லாத கதை ஒன்று இருந்தது, அதைக் காப்பாற்றினேன். கொன்றது நான், இரண்டு பேரையும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

வாசகசாலையிலிருந்து நான் கையோடு கொண்டுவந்த பைண்டு புத்தகத்தை, நான் சொல்லச் சொல்லவே முழுக்கப் புரட்டிப் பார்த்ததாகவும், அதில் இளவரசன் என்ற பேச்சே இல்லை, ‘ஒரு பையன்’ என்றுதான் முதலிலிருந்து கடைசிவரை இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். இருக்கலாம். நானும் பார்த்திருக்கிறேன். குதிரைமேல் ஒரு பையன் வருகிறான் என்றால் அவன் எந்த வீட்டுப் பையனாக இருப்பான் என்று எழுதி வேறு காட்டவேண்டுமா?