ரோமில் தள்ளிப் போட்ட செருப்பு

"ரோமுல செருப்ப வாசல்லயே கழட்டிப் போட்டுட்டேன்டி!"

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், முன்சீட்டு அக்கா இப்படிச் சொன்னதும் நான் செல்போனை உள்ளே வைத்துவிட்டேன். ரோமுக்குக் குடிபோன சிநேகிதி கலாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"எந்த வாசல்லக்கா?" என்றாள் பக்கத்துப் பெண்.

"பழைய காலத்து சர்ச்சு. 'இங்க யாரும் கழட்ட மாட்டாங்க'ன்னு கலா மொறைச்சா. அப்பறம் சிரிச்சுக்கிட்டே அவளும் கழட்டிட்டா."

"யாராச்சும் தூக்கிட்டுப் போயிருந்தா?"

"அதுக்குத்தான் நம்மூரு கோயில்ல போடுற மாதிரி ஒண்ண இங்கிட்டும் ஒண்ண அங்கிட்டுமாப் போட்டேன். வெளிய வந்து பாத்தா, வெள்ளக்காரங்க பூட்ஸு ஏழெட்டு சோடி கெடக்கு. அம்புட்டும் ஒண்ணு இங்கிட்டு, ஒண்ணு அங்கிட்டு!"