என்ஜின் பின்னால் இருக்கிற கார்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் கார் ஓட்டுவதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பான். காலடியில் அவனுக்கென்று ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. ஸ்டீயரிங் கிடையாது. அதாவது நிறுத்துவதற்கு அதிகாரம் உண்டு, போவதற்குக் கிடையாது. இந்த அதிகாரத்தோடு எனக்குத் தலை நரைத்துவிட்டது.

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். டெஸ்டில் தோற்றுப்போய் என்னிடம் சண்டைக்கு வருகிறவர்களுக்காக அதை வைத்திருக்கிறேன். நீங்கள் உங்கள் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

வாசலில் நிற்கும் சாம்பல் நிறக் காரை நீங்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்ததையும் பார்த்தேன். அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. நான் சொல்வதைக் குற்றம் என்று நிரூபிக்கிற சிரமம் உங்களுடையது.

ஜெர்மன்காரன் செய்த வண்டி. நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் தொழிற்சாலையை விட்டு வந்தது. இரண்டே பேர் உட்காரலாம். என்ஜின் பின்னால் இருக்கும், அதுவும் பின்சக்கரங்களுக்கும் பின்னால். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, காற்றே குளிர வைத்துவிடும். முன்பக்க மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கிற இடம்தான் இருக்கும். முதல் தடவை திறக்கிறவர்கள் என்ஜினை யாரோ களவாடிவிட்டதாக நினைப்பார்கள். எங்கள் மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்தார்.

மாப்பிள்ளை என்பது என் தங்கையின் கணவர். பல் டாக்டர். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே. நான் 'வாங்க, உக்காருங்க' என்பேன். அவர் 'வா மச்சான்' என்பார். பிறகு அதுவும் தேய்ந்து, நாலு பேர் முன்னால் என்னை 'எல்-போர்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

கார் அதற்கு முன்பு ஒரு என்ஜினியரிடம் இருந்தது. பாலங்கள் கட்டி ஓய்வு பெற்றவர். அவர் மருமகளுக்கு நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். வகுப்பு முடிந்ததும் அவர் ஷெட்டில் போய் நின்று அந்தக் காரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வகுப்புகள் முடிந்து அந்தப் பெண் லைசென்ஸ் வாங்கிய பிறகும் போய் நின்றேன். பல வருடம் நின்றேன். அவர் கேட்டதில்லை, நானும் காரணம் சொன்னதில்லை. ஒருநாள் அவரே சொன்னார். "முட்டி மடங்க மாட்டேங்குது மாஸ்டர். இதுல ஏறினா இறக்கிவிட ரெண்டு ஆள் வேண்டியிருக்கு. குடுத்துடலாம்னு இருக்கேன். உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

நான் ஒரு தப்பு செய்தேன். சந்தோஷம் தாங்காமல் அதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் புருஷனிடம் சொன்னாள். பெண்டாட்டி என்றால் சொல்லத்தான் செய்வாள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் பணத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை என் வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.

"மச்சான், ஏறு. அந்தப் பழைய வண்டிய நான் வாங்கறேன். நீ கூட வந்து நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

இலவு காத்த கிளி என்பார்கள். பஞ்சு பறந்த பிறகு அந்தக் கிளிக்காவது பறந்து போக அனுமதி இருந்தது. பஞ்சு நல்ல பஞ்சுதானா என்று பார்த்துச் சொல்லும்படி யாரும் அதைக் கேட்கவில்லை.

போனேன். பார்த்தேன். நல்ல வண்டி என்று சொன்னேன். மாப்பிள்ளை பேரம் பேசாமல் வாங்கினார். வாங்கியதும் காரின் மேல் சாய்ந்து நின்று தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது என்ஜினியர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"மாஸ்டர், இது மத்த வண்டி மாதிரி கிடையாது. பின்னாடி ஒரு யானை உக்காந்திருக்குன்னு நெனச்சுக்கோங்க. வேகமா ஒரு வளைவுக்குள்ள போயிட்டு, பயந்துபோய் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா முடிஞ்சது. பாரமெல்லாம் முன்னாடி சாஞ்சுடும், பின் டயருக்குப் பிடி இருக்காது, வால் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடணும். உள்ள போனப்புறம் மனசு மாறக் கூடாது. கால் அப்படியே இருக்கணும்."

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னேன்.

அவர் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "அவர் கேக்கற நிலையில இல்ல. நீங்க கத்துக்குடுக்கறவர். உங்க வாயால சொன்னாத்தான் பதியும்."

அது சரி. என் வாயால் சொன்னால் பதியும். ஆக, யானையை மாப்பிள்ளை வாங்கினார், அங்குசம் என் கைக்கு வந்தது.

அதை வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. திரும்பி வரும் வழியிலேயே ஆரம்பித்தேன். "மாப்ளே, வளைவுல மட்டும்..." என்றேன். "மச்சான், எல்-போர்டு பாடமெல்லாம் உன் மாருதி மாணவர்கள்கிட்ட வச்சுக்க" என்றார். வாயை மூடிக்கொண்டேன். கேட்காதவனுக்குச் சொல்லாமல் இருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை அந்தக் காரை அனுபவித்தார் என்று நான் சொல்லமாட்டேன். காரை வைத்து என்னை அனுபவித்தார். விடுமுறை நாட்களில் என்னைக் கூப்பிடுவார். நான் கழுவித் துடைப்பேன். கேட்டு வாங்கிச் செய்த வேலை அது, இல்லையென்று சொல்லவில்லை. நண்பர்கள் வந்தால் என்னைக் காட்டுவார். "நம்ம எல்-போர்டு. ஊர்ல பாதிப் பேருக்கு இவர்தான் வாத்தியார். சொந்தமா ஓட்டத்தான் ஒண்ணுமில்ல."

ஒரு தடவை கேட்டேன். "ஒரே ஒரு சுத்து குடுங்க மாப்ளே. தெரு முனை வரைக்கும்."

"குடுக்கலாம் மச்சான். ஆனா பக்கத்துல உக்காந்து பிரேக் போட ஒரு மாஸ்டர் வேணுமே. அதுக்கு எங்க போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். தோள் குலுங்கியது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவள் அன்று பச்சை உடுத்தியிருந்தாள், கையில் காபித் தட்டு இருந்தது, தட்டில் இருந்த கரண்டிகூட ஆடிச் சத்தம் போட்டது. மனதில் வைத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது.

பிறகு ஒருநாள் மாப்பிள்ளை தனியாக என் ஆபீசுக்கு வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே இடம். முகம் வெளுத்திருந்தது. மலைப்பாதையில் போயிருக்கிறார். ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் லேசாக நழுவிப் பிறகு தானாகவே நேராகிவிட்டிருக்கிறது.

"மச்சான், சிரிக்காத. வளைவுல பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. அந்த நேரத்துல என்ன பண்ணணும்?"

முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார் சார். எல்-போர்டு இல்லை, கிண்டல் இல்லை. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன், வெளியே சத்தமாக இருந்தது. யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். யோசித்தேன். எந்த மாணவருக்கும் எந்த வாத்தியாரும் சொல்கிற பதிலைச் சொன்னேன்.

"பயமா இருந்தா ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க மாப்ளே. சட்டுனு எடுக்கணும்."

இந்த வாக்கியத்தை நீங்கள் எந்த டிரைவிங் ஸ்கூலில் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். சாலையில் ஓடுகிற எல்லா வண்டிகளுக்கும் ஏறக்குறைய இதுதான் சரி.

ஆனால் சொன்னால் மட்டும் போதாது என்பது என் தொழில் அனுபவம். ஆபத்தில் மனிதன் யோசிப்பதில்லை, அவன் கால்தான் யோசிக்கும். பாடம் காலில் இறங்க வேண்டும். ஆகவே மாப்பிள்ளையை என் ஸ்கூல் காரில் உட்கார வைத்து, காலி மைதானத்தில் வட்டம் சுற்ற வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து திடீரென்று கையைத் தட்டுவேன். தட்டியதும் அவர் காலை எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் தாமதமாக எடுத்தார். "மாப்ளே, மூளைகிட்ட அனுமதி கேக்காதீங்க" என்றேன். விடிந்ததும் வருவார், க்ளினிக் திறப்பதற்குள் முடித்துவிடுவோம். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். கட்டணம் வாங்கவில்லை. கடைசியில், நான் கையைத் தூக்கினாலே அவர் கால் எழும்பியது. என் வாழ்நாளில் அத்தனை சுத்தமாகப் பாடம் படித்த மாணவர் வேறு யாரும் இல்லை.

அவருக்கும் பெருமை. என் தோளில் தட்டி, "வாத்தியார்னா நீதான் மச்சான்" என்றார். அன்று எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் மைதானத்தை விட்டுப் போகும்போது ஹாரன் அடித்து, "டாட்டா எல்-போர்டு" என்று கையசைத்தார். கஷ்டம் போய்விட்டது.

மலைப்பாதையில் நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கும். இறக்கத்தில் ஒரு வளைவு. உள்ளே நுழைந்த பிறகு எதிரே ஒரு லாரி. மோதவில்லை, தாராளமாக இடம் இருந்தது, லாரிக்காரரே சொல்லியிருக்கிறார். காலை எடுக்காமல் இருந்திருந்தால் போய்க்கொண்டே இருந்திருக்கலாம். வண்டி பம்பரம் மாதிரி சுற்றிப் பக்கவாட்டில் பாறையில் சாய்ந்தது. ஓட்டுகிறவர் பக்கம் இல்லை, மற்றப் பக்கம். மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை இறங்கியது, இரண்டு விலா விரிசல். அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் இங்கே வந்தார். கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"அவ போயிட்டா மச்சான். நான்தான் கொன்னுட்டேன்."

"லாரியப் பாத்ததும் என்ன செஞ்சீங்க?"

"நீ சொன்ன மாதிரி காலை எடுத்தேன்."

"சட்டுனு எடுத்தீங்களா?"

"சட்டுனு எடுத்தேன் மச்சான்."

"அப்ப உங்க மேல தப்பே இல்ல மாப்ளே" என்றேன். அவர் என் மடியில் முகத்தை வைத்து அழுதார். ஆறுதல் சொன்னது நான். பறிகொடுத்தவனும் நான்தான், என் கூடப் பிறந்தவள். அதை யாரும் கவனிப்பதில்லை. இப்போது அவருக்குக் கை நடுங்குகிறதாம், க்ளினிக்கை மூடிவிட்டார். கை நடுங்குகிற பல் டாக்டரிடம் யார் வாயைத் திறப்பார்கள்.

போகும்போது, "அந்தச் சனியனக் கொண்டுபோய் எங்கயாவது நசுக்கிப் போட்ரு மச்சான், என் கண்ணுல படக் கூடாது" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சும்மா வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்காது என்று பழைய இரும்பு விலை கொடுத்தேன். முறைப்படி வாங்கிய கார் சார் அது.

சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவுக்கும் கண்ணாடிக்கும் அலைந்தேன். பக்கத்து இருக்கை மட்டும் கிடைக்கவில்லை, நானும் அதிகம் தேடவில்லை. நீங்கள் எட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரே இருக்கை இருந்ததற்குக் காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை.

அதை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது, உங்கள் ரிவர்ஸைப் பார்த்ததால் சொல்கிறேன். சாவி போட்டதும் முதுகுக்குப் பின்னால் ஒரு மிருகம் தொண்டையைச் செருமும். ஸ்டீயரிங்கில் சாலையின் ஒவ்வொரு கல்லும் விரலுக்குத் தெரியும். அந்த மலைப்பாதைக்கும் போகிறேன். அந்த வளைவுக்கும் போகிறேன். காலை எடுப்பதில்லை. வண்டி நூல் பிடித்த மாதிரி திரும்புகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக, பயப்படுகிறவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஓட்டுகிறேன்.

முட்டி வலியால் இத்தனை நாள் கழித்து, போன மாதம்தான் துக்கம் கேட்க வந்த என்ஜினியர், "மாஸ்டர்கிட்ட அன்னிக்கே சொல்லி அனுப்பினேனே" என்று மாப்பிள்ளையிடம் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை. நல்ல மனிதர், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவர்.

நீங்கள் கேட்கத் தயங்கும் கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். தங்கை அந்தக் காரில் ஏறவே மாட்டாள், பயந்தவள். அதை நம்பித்தான் எல்லாம் செய்தேன். ஆனால் அன்று காலை நான் காரைத் துடைத்து முடித்தபோது, புது உடை போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். "நீ சொல்லிக்குடுத்ததுல அவருக்கு இப்ப நல்லா கை வந்துடுச்சாம்ணா. அந்த தைரியத்துலதான் நானும் போறேன்" என்றாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் தெரிந்தால் மாப்பிள்ளை அந்தக் காரை அன்றைக்கே விற்றுவிடுவார். எவனோ ஒருவன் வாங்கிக்கொண்டு போவான். அது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். அதனால் அவளைப் பத்திரமாக உட்கார வைத்தேன். உடையின் ஓரம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் மாட்டிக் கிழிந்துவிடக் கூடாதே என்று அதை எடுத்து உள்ளே விட்டு, அப்புறம்தான் கதவைச் சாத்தினேன். அண்ணன் என்று ஒருவன் இருந்தால் தங்கைக்கு இதைக்கூடச் செய்யமாட்டானா.