உதறி மடிக்க வேண்டிய போர்வை

குளிர்காலத்தில் புகையடுப்பைச் சூடாக வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கோடையில் யார் வேண்டுமானாலும் மாட்டுக்கறியைப் புகையில் வேகவைத்துவிடலாம். விறகைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டால் போதும். ஜனவரியில் ஏரிக்காற்று அடிக்கும்போது அந்த இரும்புப் பீப்பாய் அடுப்பு உள்ளே இருக்கிற சூட்டையெல்லாம் வெளியே விட்டுவிடும். விறகு இரண்டு மடங்கு போகும், கறி மட்டும் வேகாது. அதனால் எங்கள் துலூத் ஊர்ப் பக்கத்தில் அடுப்புக்கும் போர்வை போர்த்துவார்கள். நீங்கள் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற போர்வையும் அப்படிப் போர்த்தியதுதான்.

பக்கத்து வீட்டு டுவேன், என் கணவர் ரெய்னோவுக்குக் கொதிகலன் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். ரெய்னோ இறந்த அடுத்த ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால்பந்து ஆட்டம் பார்க்க நண்பர்களைக் கூப்பிட்டிருந்தார். கறி வேகவில்லை. அவர் பின்புறத்தில் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு நான் வேலிக்கருகே போனேன்.

"சூடு காட்டுற முள்ளைப் பாரு வெர்னா. விடிஞ்சதிலேர்ந்து நூத்தம்பதைத் தாண்ட மாட்டேங்குது. என் மாமியாரே தேவலை, இப்படி அடம் பிடிக்கமாட்டா."

"உங்க தொப்பைக்கு மூணு சட்டை மாட்டியிருக்கீங்க, அதுக்கு ஒண்ணு போட்டா என்ன?"

"கம்பளியைப் போட்டா பத்திக்கும்மா."

"பத்திக்காத போர்வையா ஒண்ணு தைச்சுத் தரேன், இருங்க."

அடுத்த வாரமே தைத்துக் கொடுத்தேன். வெல்டிங் சாமான் கடையில் விற்கிற தீப்பிடிக்காத பச்சைத் துணியில் உறை. உள்ளே ரெய்னோ எப்போதோ வேலையிடத்திலிருந்து கொண்டுவந்து எங்கள் கொட்டகையில் போட்டிருந்த பழைய சாம்பல் நிறப் போர்வை. அதைப் போர்த்தியதும் முள் நிதானமாக ஏறி இருநூற்றைம்பதில் நின்றது. டுவேன் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன்," என்றேன். "மடிக்கிறதுக்கு முன்னாடி நல்லா உதறிடுங்க. சாம்பல் தங்கினா துணி கெட்டுப்போகும்."

சொன்னபடியே உதறுவார். ஒவ்வொரு வாரமும், இரண்டு கையாலும், முகத்துக்கு நேராக. நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ரெய்னோ எதனால் இறந்தார் என்பது உங்கள் கோப்பில் இருக்கும். கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரிகிறது. கொதிகலனைச் சுற்றிப் போர்த்துகிற அந்தச் சாம்பல் நிறப் போர்வைகளைத்தான் அவர் இருபது வருஷம் வெட்டினார், தைத்தார். கடைசியில் நெஞ்சிலிருந்து நீர் எடுக்க எடுக்கச் சுரந்துகொண்டே இருந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார், உட்கார்ந்தே போனார்.

ரெய்னோ உயிரோடு இருந்தபோதே ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு டுவேன் வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று அழுதார்.

"மேல இருந்து முன்னாடியே சொல்லியிருந்தாங்க வெர்னா, இந்தத் தூசி ஆகாதுன்னு. வெளியில சொன்னா பசங்க பயந்து வேலையை நிறுத்திடுவாங்கன்னு நான்தான் சொல்லல. நான் அலுவலக அறைப் பக்கமே இருந்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

"விடுங்க டுவேன், நடந்தது நடந்துபோச்சு," என்றேன்.

டுவேன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். ரெய்னோவைப் புதைத்த அன்று சர்ச் கூடத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கை மூன்று தட்டு சாப்பிட்டார். மனசு லேசானால் பசி எடுக்கும் போலிருக்கிறது. அந்த மூன்றாவது தட்டைப் பார்த்தபோது என் வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

உறையின் அடிப்பக்கத் தையலை வேண்டுமென்றே விட்டு விட்டுப் போட்டேன். உதறினால் தூசி வர வேண்டும், ஆனால் உள்ளே இருப்பது கண்ணில் படக்கூடாது. அவர் பார்த்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். வசந்தம் வந்ததும் பழுது பார்க்க என்னிடம் கொடுப்பார். நான் முகமூடி போட்டுக்கொண்டு, நன்றாக நனைத்து வைத்துத்தான் கை வைப்பேன். ஈரமாக இருந்தால் தூசி பறக்காது. திரும்பக் கொடுக்கும்போது வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொடுப்பேன்.

இதுவரை சொன்னதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. டுவேனின் பேத்தியைப் பற்றித்தான் நீங்கள் கேட்க நினைக்கிறீர்கள், தெரிகிறது.

பிரிட்டாவுக்கு அப்போது ஆறு வயது. அவள் அம்மா கார்லா சனி, ஞாயிறுகளில் வேலைக்குப் போவதால் குழந்தையை டுவேனிடம் விட்டுப் போவாள். கறியை எடுத்ததும் போர்வை இளஞ்சூடாக இருக்கும். அதை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவாள். இரண்டு நாற்காலிக்கு நடுவே கூடாரம் போட்டு அதற்குள் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் மூக்கு நுனியில் சாம்பல் பூசினாற்போல வெளியே வந்து, "வெர்னா ஆன்ட்டி, நான் கரடி. பனி முடியுற வரைக்கும் என்னை எழுப்பக்கூடாது," என்றாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், போர்வை குப்பைக்குப் போய்விடும். டுவேனும் தப்பித்துவிடுவார். ரெய்னோவின் நாற்காலி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நல்ல ஆட்டுக்கம்பளி நூல் வாங்கி அவளுக்கென்று சிவப்பில் ஒரு போர்வை பின்னிக் கொடுத்தேன். "இது குத்துது, தாத்தாவோடதுதான் புகை வாசனையா இருக்கு," என்று ஒதுக்கிவிட்டாள். குழந்தையைக் கட்டாயப்படுத்த முடியுமா? என்னால் ஆனதை நான் செய்தேன்.

ஏழு குளிர்காலம் இப்படிப் போனது. ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் இருமுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்பேன். சென்ற பிப்ரவரியில் டுவேன் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு சாய்ந்து விழுந்தார். மாரடைப்பு. கீழே விழுமுன்பே உயிர் போய்விட்டது என்றார்கள். சர்ச் கூடத்தில் கார்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"போன மாசம்தான் முழுப் பரிசோதனை பண்ணினோம். நுரையீரல் முப்பது வயசுக்காரன் மாதிரி இருக்குன்னு டாக்டர் சொன்னார், தெரியுமா?"

அப்போதுதான் ரெய்னோவின் டாக்டர் சொன்னது எனக்கு உறைத்தது. இந்தத் தூசி உடனே கொல்லாது, முப்பது நாற்பது வருஷம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்றார். டுவேனுக்கு நான் அதைக் கொடுக்கத் தொடங்கியபோதே அறுபத்தெட்டு வயது. இவ்வளவு வருஷம் தூசி கொடுத்தும், கொடுத்தது யாருக்கு என்று யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

சடங்கு முடிந்த மறுவாரம் பிரிட்டா போர்வையோடு என் வாசலில் நின்றாள். ஓரம் கிழிந்திருந்தது.

"தைச்சுத் தரீங்களா ஆன்ட்டி? இனிமே என் கட்டில்லயே போட்டுக்கப்போறேன். தாத்தா கூடவே இருக்கிற மாதிரி இருக்கும்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். தைத்துக் கொடுத்தேன். இந்த முறை தையலை நெருக்கமாகவே போட்டேன். அது மறுபடி பிரிந்து, கொதிகலன் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்லாவின் சிநேகிதி உள்ளே இருந்ததை அடையாளம் கண்டு, நீங்கள் இங்கே வந்து உட்காரும்வரை அவள் அதன்மேல்தான் படுத்தாள்.

நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். டுவேன் ஒரு தடவைகூட இருமாமல் போய்ச் சேர்ந்ததை மட்டும்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிரிட்டாவை நினைத்து நீங்கள் முகத்தை இப்படி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவளுக்கு இப்போதுதான் பதிமூன்று. நாற்பது வருஷம் கிடக்கிறது, அதற்குள் மருந்து கண்டுபிடித்துவிடுவார்கள்.